மீட்டர்ல விட்ட ரசம்

ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி

கடல்மீன் தொட்டிக்கு ஆர்ஓ தண்ணியில உப்பு கலந்தா, அளவு சரியான்னு பாக்க என் வீட்டுக்காரர் சின்னக் குழாயாட்டம் ஒரு மீட்டர் வெச்சிருக்காரு. மத்தியானம் சாப்பிட்டுக்கினு இருக்கும்போது, புத்தலப்பட்டுலேர்ந்து வந்த நாத்தனார் எதிர்லயே, அதுல என் ரசத்தை ஒரு சொட்டு விட்டுக் கண்ணுகிட்ட வெச்சுப் பாத்தாரு.

"இத்த ஊத்துனா கடல்மீனே செத்துப்பூடும். கை அளவத் தவிர இவளுக்கு இன்னா தெரியும்?"

சிரிச்சு சிரிச்சு நாத்தனாருக்குப் புரையேறிடுச்சு. நான்தான் தலையத் தட்டி, தண்ணி குடுத்தேன்.

நாளைக்கு அவரு ரேணிகுண்டாவுக்கு டூட்டிக்குப் போயிடுவாரு. தொட்டிக்குப் புதுத் தண்ணி கலந்து ஊத்த வேண்டியது நான்தான். "ஏய், மீட்டர்ல பாத்துட்டு ஊத்து"ன்னு சொல்லிட்டுத்தான் படுத்தாரு.

பாக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்சது கை அளவுதானே.