ஆறாவது பொத்தான்

பிப்ரவரி 4, புதன்

மழைக் கருவி இன்றும் பொய் சொன்னது. பால்கனித் தகட்டில் ஒரு துளி விழுந்தால் சமையலறையில் மணி அடிக்கும்; கொடியில் இருக்கும் துணியை எடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு. வானம் வெளுத்துக் கிடக்கிறது, மணி அடிக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் மேல் வீட்டுக்காரி தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். கருவியைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் விழுந்தால் சொல் என்றுதான் அதற்குக் கற்றுக்கொடுத்தேன். எங்கிருந்து விழுகிறது என்று பார்க்கச் சொல்லவில்லை. பரீட்சைத்தாள் திருத்தும்போது இப்படி நேர்ந்ததுண்டு. வகுப்பு முழுக்க ஒரே தப்பான விடையை எழுதியிருந்தால், தப்பு கேள்வியில் இருக்கும்.

புதன்கிழமை என்பதால் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "வாங்க டீச்சர், இந்த வாரம் எதைக் கருக்கினீங்க?" என்றார். ஒன்றையும் இல்லை என்றேன். நம்பவில்லை. வயர், அதைப் பற்றவைக்கச் சால்டர் ஈயம், ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கினேன். ஸ்பீக்கர் எதற்கு என்று தெரியாது. அழகாக இருந்தது.

முன்பெல்லாம் புதன்கிழமைப் பையைப் பார்த்ததும் என் கணவர் ஆரம்பித்துவிடுவார். "டீச்சர், வீட்டைக் கொளுத்துறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடு. நல்ல சட்டை ரெண்டையும் எடுத்துக்கிறேன்." இன்று பையைப் பார்த்தார். "அதான்," என்றார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சொல் அது. பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான். நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா, "வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கு, கதவுதான் சிக்கிக்கிச்சு," என்கிறார். வாழ்நாளெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவர். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வண்டி முழுவதோடும் பேசியவர்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தையல்காரர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ஏதோ சொல்லக் கஷ்டப்படுகிறார் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுக் கச்சேரி நால்வருடையது. இவர், தையல்காரர், தபால்காரர், என் கொழுந்தன். நடந்தது எங்கள் முன்னறையில். இவர் படுத்த பிறகு தையல்கடைக்கு மாறியது. நாற்காலி ஒன்றைக் காலியாகவே வைத்து மூன்று பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் ஆட்டம் உப்பில்லாத சோறாக இருக்கிறதாம். மருந்துக்கடைக்காரரை உட்காரச் சொல்லலாமா என்று கேட்க வந்திருக்கிறார்.

"அவன் வர்றேன்னா சொல்லுங்க அண்ணி, இப்பவே தூக்கிட்டுப் போறோம். தபால்காரன் முதுகு எதுக்கு இருக்கு?"

உள்ளே இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எத்தனைக்கு ஏலம் கேட்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டிய ஆட்டம் அது. விரலைக் காட்டி ஆடலாமே என்று நான் ஒரு முறை சொன்னதற்கு, பேருந்தை நடுச்சாலையில் மறித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இன்று ஒன்றும் செய்யவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் முதல் வாரம் வரை பொறுக்கச் சொன்னேன். ஏன் சொன்னேன்? அந்த நிமிடம் வாயில் வந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

ஸ்பீக்கர் எதற்கு என்று தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 18, புதன்

இவருக்கான பேசும் பெட்டி முடிந்தது. உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கணினி போர்டு, ஒரு பேட்டரி. மேலே எட்டுப் பொத்தான்கள். ஓரத்தில் திருகுக் குமிழ் ஒன்று. திருப்பினால் எண் மாறும், அழுத்தினால் எண்ணைச் சொல்லும். இது சீட்டுக்கு. வலது கை வராது என்பதால் எல்லாவற்றையும் இடது கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறேன்.

முதலில் மூன்றாம் பொத்தானை அழுத்தினால் ஐந்தாவது பேசியது. வகுப்பில் மின்சுற்று நடத்தும்போது பிள்ளைகளை வட்டமாகக் கைகோத்து நிற்கவைப்பேன். யாராவது ஒருவன் பக்கத்தில் இருப்பவன் கையை விட்டுவிட்டு எதிரே இருப்பவன் கையைப் பிடிப்பான். அதேதான். ஈயம் ஒரு சொட்டு வழிந்து பக்கத்து வயரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வாக்கியங்களை என் குரலிலேயே பதிந்தேன். மெதுவாக, தெளிவாக. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்.' 'எனக்கு வலிக்கிறது.' 'நான் வெளியே உட்கார விரும்புகிறேன்.' ஆறாவது, 'எனக்குச் சற்று உதவி தேவைப்படுகிறது.' திருப்தியாக இருக்கிறது.

பிப்ரவரி 21, சனி

பெட்டியை அவர் தொடவில்லை.

முதல் நாள் நான் பிடித்து வைத்து அழுத்தவைத்தேன். என் குரலைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். அதற்குப் பிறகு பெட்டியை நாற்காலிக்குக் கீழே தள்ளிவிட்டார். எடுத்து வைத்தேன். தள்ளினார். தண்ணீர் வேண்டுமானால் செம்பைக் காட்டுகிறார்.

மகள் தொலைபேசியில், "விடும்மா, அப்பாவுக்கு மிஷினெல்லாம் ஒத்துவராது. பஸ்ஸத் தவிர எதையும் அவர் தொட்டதில்ல," என்றாள்.

நான் என்ன எனக்காகவா செஞ்சேன்? கண்ணு எரிய எரிய உக்காந்து ஒவ்வொரு வயரா வச்சு — ஒரு தடவ அழுத்திப் பாத்தா கை தேஞ்சா போயிடும்? மருந்துக்கடைக்காரர் அந்த நாற்காலில உக்காந்துட்டா அப்புறம் இந்த மனுஷன் கட்டில விட்டு எறங்கமாட்டார். அது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

காப்பி குடித்தேன். பெட்டியில் கோளாறு இல்லை, எட்டும் பேசுகின்றன. அப்படியானால் எங்கே?

பிப்ரவரி 22, ஞாயிறு

தையல்காரரையும் தபால்காரரையும் வரச்சொல்லிப் பெட்டியைக் காட்டினேன். தபால்காரர் ஆவலோடு ஒவ்வொன்றாக அழுத்தினார். 'நான் வெளியே உட்கார விரும்புகிறேன்' வந்ததும் தையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"கோச்சுக்காதீங்க அண்ணி. இவன் என்னைக்கு 'விரும்புகிறேன்'னு பேசினான்? 'தள்ளுடா, காத்து வரட்டும்'பான்."

"டீச்சரம்மா, இதக் கேட்டதும் நான் எந்திரிச்சு நிக்கப் பாத்தேன்," என்றார் தபால்காரர். "வீட்டுப்பாடம் எழுதல."

சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கேட்டேன்: சீட்டாடும்போது அவர் என்னதான் சொல்வார்? ஒருவர் மாற்றி ஒருவர் கொட்டினார்கள். யோசிப்பவனைப் பார்த்து, "சீட்ட வச்சு விசிறிக்கிட்டிருக்கியா? போடுடா." நல்ல சீட்டு வந்தவனிடம், "பல்ல மூடு, கையில இருக்கிறது தெரியுது." ஜெயித்ததும் மேசையைத் தட்டி, "கடைசி ஸ்டாப்! எல்லாரும் எறங்குங்க!"

அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தார்.

தண்ணீரும் வலியும் கையைக் காட்டினாலே தெரியும். கிண்டலைக் கைகாட்டிச் சொல்ல முடியுமா? என் கேள்வித்தாளே தப்பு.

பிப்ரவரி 28, சனி

குரல் யாருடையது என்பதில் இந்த வாரம் போயிற்று. தபால்காரர் ஆசைப்பட்டுப் பேசிக்காட்டினார். நாடகக்காரர் மாதிரி இருந்தது. இவர் கையை வீசி வேண்டாம் என்றுவிட்டார். மிச்சம் கொழுந்தன். அண்ணன் தம்பி குரல் ஒன்றுபோல இருக்கும். தொலைபேசியில் நானே ஏமாந்திருக்கிறேன். ஆனால் அவன் வாயில்லாப் பூச்சி. அண்ணன் படுத்ததிலிருந்து வந்தால் பழத்தை வைத்துவிட்டு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போவான்.

மைக்கை முன்னால் வைத்தேன். "கடைசி ஸ்டாப். எல்லாரும் எறங்குங்க," என்றான். இரங்கல் கூட்டம் போல இருந்தது. இன்னொரு முறை. அதே இழவு.

"என்னால முடியல அண்ணி. அவரே எதுக்க உக்காந்திருக்கும்போது நான் எப்படி..."

"அதான்," என்றார் இவர். உதட்டைப் பிதுக்கி, இழுத்து. 'உனக்கு இது வராது போ' என்று அதற்கு அர்த்தம். எனக்கே புரிந்தது. அவனுக்குப் புரியாதா? சின்ன வயதிலிருந்து கேட்டதாயிற்றே.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கா வராது? வாராவாரம் என் காதுலதானே கத்துவீங்க! கடைசி ஸ்டாப்! எல்லாரும் எறங்குங்க!" என்று மேசையை ஓங்கி அடித்தான். பேனா உருண்டு கீழே விழுந்தது.

அச்சு அசல். பிறகு இவர் இடது கையால் தம்பியின் முதுகில் ஒரு அடி வைத்தார். மற்ற வரிகளை அவன் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்துவிட்டான். மைக் முழு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. 'எனக்கா வராது' என்று முன்னால் கத்தியதை மட்டும் வெட்டினேன்.

மார்ச் 1, ஞாயிறு

பழைய வாக்கியங்களை அழித்துப் புதியவற்றை ஏற்றினேன். ஆறாவதுக்கு வந்ததும் இவர் அந்தப் பொத்தானைக் கையால் மூடிக்கொண்டார். அழிக்காதே என்கிறார். 'எனக்குச் சற்று உதவி தேவைப்படுகிறது.' ஒரு ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. நல்லதுதான். விட்டுவிட்டேன்.

மார்ச் 4, புதன்

கடைக்குப் போகவில்லை. அவர் நாள் முழுக்கப் பெட்டியும் கையுமாக இருந்தார். மேல் வீட்டுக்காரி என்னைக் கேட்டாள், உங்கள் வீட்டில் யாரை ஓயாமல் இறங்கச் சொல்கிறீர்கள் என்று.

மார்ச் 8, ஞாயிறு

கச்சேரி எங்கள் முன்னறைக்குத் திரும்பியது. மருந்துக்கடைக்காரரும் வந்தார். இவரை அந்த நான்காவது நாற்காலியில் பார்த்ததும், தான் வேடிக்கை பார்க்கத்தான் வந்ததாகச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர்.

முதல் ஆட்டம் சரியில்லை. இவர் திருகைத் தேடுவதற்குள் மற்றவர்கள் இரக்கத்தோடு காத்திருந்தார்கள். அந்த இரக்கம் எனக்கே பிடிக்கவில்லை, சமையலறைக்குப் போய்விட்டேன். பால் அடுப்பில் இருந்தது. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எண்கள். சீட்டு விழும் ஓசை. ஒரு 'விசிறிக்கிட்டிருக்கியா.' யாரோ லேசாகச் சிரித்தார்கள். பிறகு நீண்ட அமைதி.

அப்புறம் என் குரல், தெளிவாக: 'எனக்குச் சற்று உதவி தேவைப்படுகிறது.'

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். விழுந்துவிட்டாரா, மூச்சு முட்டுகிறதா?

இவர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். விரல் ஆறாவது பொத்தானில். கண் தபால்காரர் மேல். தபால்காரர் எதைப் போடுவது என்று தெரியாமல் சீட்டுகளை மாற்றி மாற்றிப் பிடித்து விழித்துக்கொண்டிருந்தார். இவர் மறுபடி அழுத்தினார். தையல்காரர் மேசை மேல் கவிழ்ந்துவிட்டார். கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"பாருங்க டீச்சரம்மா! உங்க குரல்லயே என் மானத்த வாங்குறான்!" என்றார் தபால்காரர். "பேசாம இருடா பாவி, யோசிக்கவிடு!"

அவரைப் பார்த்து இப்படி யாராவது கத்தி எவ்வளவு காலமாயிற்று.

பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

மார்ச் 9, திங்கள்

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். படுக்கையறையிலிருந்து, 'எனக்குச் சற்று உதவி தேவைப்படுகிறது.' ஈரக் கையோடு ஓடினேன். ஒன்றும் இல்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு என் கையைப் பார்த்தார், மூச்சு வாங்குவதைப் பார்த்தார். "அதான்," என்றார். புதன்கிழமைப் பையைப் பார்த்துச் சட்டையை எடுத்துக்கொள்வதாகச் சொல்வாரே, அந்தக் குரலில்.

இனி அந்தப் பொத்தான் பேசினால் நிஜமா கேலியா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. ஓடத்தான் வேண்டும்.

மழைக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டேன். வீட்டுக்கு ஒன்று போதும்.