ஓய்வு நாளில் ஆறு பேச்சு

ஃப்ரிபூர்க், 9 ஆவணி 1997, சனி

பொஸ்னியாவில் சேவை முடித்துத் திரும்பிய சுவிஸ் சிப்பாய்கள் எட்டுப் பேருக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் இன்று ஏரிக்கரையில் ஓய்வு நாள் நடத்தியது. யோசனை என்னுடையது. நீந்தட்டும், சாப்பிடட்டும், படுக்கட்டும் என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.

தலைவர் சிவலிங்கம் அதை மங்கள விளக்கு, பொன்னாடை, ஆறு பேச்சு என்று மாற்றிவிட்டார். பதினொரு மணிக்கு மேடையில் இருத்தியவர்களை ஒன்றரைக்கும் எழும்ப விடவில்லை. அவர்களுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. விருந்தினரைப் பசியோடு காக்க வைப்பதை நான் படித்த கன்னியர் மடத்தில் பாவம் என்றே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

ஐந்தாவது பேச்சில் கடைசிக் கதிரையில் இருந்தவன் நித்திரையாகிவிட்டான். தலைவர் பொன்னாடையோடு போய் அவன் தோளைத் தட்டக் கை நீட்டினார். நான் மேடையில் ஏறினேன்.

"தொடாதேங்கோ!"

"டீச்சர், படம் எடுக்க வேணும். மரியாதை செய்யிறேல்லையோ?"

"நித்திரையைக் குழப்பிறதோ மரியாதை? எத்தினை நாள் நித்திரையில்லாமல் வந்த பிள்ளையோ!"

என் கணவர் உயிரோடு இருந்தால் கையைப் பிடித்து இருத்தியிருப்பார். இன்று பிடிக்க ஆளில்லை. பொன்னாடையை வாங்கி அவன்மேல் போர்த்திவிட்டேன்.

நான்கு மணிவரை தூங்கினான். ஆறாவது பேச்சு தலைவருடையது. அது இன்னமும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும்.