நனைத்துப் பூசிய மணல்

மச்சான்,

போன கிழமை என் வலது கை முறிந்தது. ஊருக்கு நான் சொல்லியிருக்கும் கதைப்படி, கற்பிட்டிக் கோட்டை மதிலில் ஏறி நின்ற கழுதை ஒன்றைத் தோளில் சுமந்து இறக்கும்போது முறிந்தது. உண்மையில் கிணற்றடியில் சவர்க்காரத்தை மிதித்து வழுக்கினேன். இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து நண்டு நடந்த மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆசுபத்திரியில் பிளாஸ்டர் துணியை நனைத்துச் சுற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சூடு ஏறியது. துணைக்கு வந்த உன் மகள் என்னைப் பார்த்து, "என்ன மாமா, முகம் ஒரு மாதிரிப் போகுது? நோகுதா?" என்றாள்.

"இல்ல பிள்ளை. இது பிளாஸ்டர் பிடிக்கிற சூடு."

அவளுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கியிருக்கும். அந்தச் சூட்டோடு நீ வந்து பக்கத்தில் குந்திவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

சோளகக் காற்றுத் தொடங்கிக் கடலுக்குக் கோபம் வந்ததும், நீ வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு, உன் தீவுக்கும் எங்கள் கரைக்கும் நடுவிலுள்ள களப்பைத் தாண்டி என் பட்டறைக்கு வருவாய். இந்து சமுத்திரத்திலேயே பெரிய பிளாஸ்டர் பட்டறை அது. நீளம் பத்தடி, அகலம் எட்டடி. சீலிங் பூவும், பாலன் பிறந்த நத்தார் குடிலுக்கு வேண்டிய குட்டி வீடு, குட்டி மலை, குட்டிக் கிணறும் வார்த்தோம். நான் பேச்சு, நீ கை. இளம் வயதில் சிலாபத்தில் புனிதர் சுரூபம் வார்க்கிற இடத்தில் நீ வேலை செய்தவன். அந்தக் கைக்காகத்தான் என் தங்கையை உனக்குக் கட்டிக் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவளாகவே உன்னை விரும்பியதை இன்றுவரை நான் ஒத்துக்கொண்டதில்லை.

புத்தளத்தில் பிளாஸ்டர் மூட்டை வாங்கப் போவோம். நீ சட்டைக் கையை மடித்து, மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாய்.

"மழை குடிச்ச மூட்டை" என்பாய்.

"நேத்து வந்த சரக்கு தம்பி" என்பார் முதலாளி.

"வந்தது நேத்து. நனைஞ்சது எப்ப?"

பிறகு ஒரு சிரட்டையில் கொஞ்சம் கரைத்து வைப்பாய். நான் பால் விடாத பிளேன்டி ஒன்று குடித்து முடிப்பதற்குள் அது நகம் பதியாமல் இறுகினால் வாங்குவோம். இல்லாவிட்டால் அடுத்த கடை. நல்ல மூட்டை கிடைப்பதற்குள் எனக்கு ஏழு பிளேன்டி உள்ளே போய்விடும்.

எங்கள் கிணற்றில் உப்பு. உப்புத் தண்ணீரில் பிளாஸ்டர் அவசரப்பட்டு இறுகும், பிறகு வெள்ளையாகப் பூத்து உதிரும். அதனால் மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைப்போம். தண்ணீருக்குள் மாவைத் தூவுவாய். மாவுக்குள் தண்ணீர் ஊற்றவே விடமாட்டாய். தூவத் தூவத் தாழும். தண்ணீருக்கு மேல் மாவு சின்னச் சின்னத் தீவாகத் தலைகாட்டியதும் கையை எடுத்துவிடுவாய். குமிழி வரக்கூடாது என்று மெதுவாக, தூங்குகிறவனைத் தடவுவது போலக் கலக்குவாய். பழைய வார்ப்பின் மேல் புதிது பூசுவதானால், பழையதை முதலில் நன்றாக நனைக்க வேண்டும். "காய்ஞ்ச பிளாஸ்டர் தாகம் பிடிச்சது மச்சான். நனைக்காமப் பூசினா, புதுசு வச்சிருக்கிற தண்ணியைக் குடிச்சிட்டு அதையே துப்பிப்போடும்" என்றாய் ஒருநாள். அதைக் கேட்டு நான் சிரித்தேன். இப்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தால் எனக்கு வாய் உலர்கிறது.

யுத்தம் முடிந்தது. கடலுக்குப் போக நேவிக்காரர் பாஸ் கேட்பது நின்றது. இனி நமக்கு நல்ல காலம் என்றிருந்தபோது கொழும்பிலிருந்து, மாத்தையா என்று எல்லாரும் கூப்பிடுகிற துரை ஒருவர் என் பட்டறையைத் தேடி வந்தார். உன் தீவில் ஹோட்டல் கட்டப்போகிற கம்பனியின் ஆள். அரசாங்கக் கந்தோரில் அதிகாரிகளைக் கூட்டிக் காட்டுவதற்கு, ஒரு மேசை அளவில் தீவின் மாதிரி உரு ஒன்று வேண்டும் என்றார். என்னை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லில் நான் ஓரடி வளர்ந்து, கூரைத் தகரத்தில் தலை இடித்தது.

நீ அவர் தந்த வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்தாய். களப்புப் பக்கம், உங்கள் துறையும் வீடுகளும் இருக்கிற இடத்தில், ஹோட்டலின் இறங்குதுறை கீறியிருந்தது.

"எங்கட வீடு எங்க?"

"இது வெறும் கடதாசிதானே மச்சான்."

"எங்களிட்ட அந்தக் கடதாசியும் இல்லையே."

உண்மைதான். உன் பாட்டன் காலத்திலிருந்து அங்கே இருக்கிறீர்கள். காணி உறுதி ஒருவரிடமும் இல்லை. நீ வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய்: "மாதிரியில வீடு இருந்தா, யாராவது ஒருத்தர் கேப்பாங்க, இது யாருட வீடெண்டு. கேட்டா நாங்க வாய் திறக்கலாம்." உனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஒரு கேள்வி.

தீவு முழுவதையும் சாதாரண வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்தாய். களப்புப் பக்கத்துக்கு மட்டும், பல்லுக் கட்டுகிறவர்கள் பாவிக்கும் மஞ்சள் பிளாஸ்டரைச் சிலாபத்திலிருந்து வாங்கி வந்தாய். புளியங்கொட்டை அளவில் வீடுகள். தரை இறுகுவதற்கு முன்பே ஒவ்வொன்றாக அதில் பதித்தாய்.

"இதுக்கு மட்டும் ஏன் மஞ்சள்?" என்றேன்.

"சுரண்ட வராது."

கூட்டத்துக்கு நாலு நாளைக்கு முன் மாத்தையா வந்தார். பார்த்தார். "இதுகள எடுத்திடுங்க மாஸ்டர்" என்றார். நான் உளியை வைத்துத் தட்டினேன். உளியின் முனை போனது. இதை நான் பெருப்பித்துச் சொல்லவில்லை.

"பலமாத் தட்டினாத் தீவே ரெண்டாப் பிளக்கும்" என்றாய் நீ, மிகவும் பணிவாக.

அவர் குனிந்து அந்த வீடுகளை விரலால் தடவினார். "அப்ப மேல ஒரு மண்மேடு மாதிரிப் பூசி மூட ஏலாதா?" என்று என்னைக் கேட்டார்.

"ஏலும்" என்றேன்.

அவர் போன பிறகு நீ எனக்கு அடிப்பாய் என்று நினைத்தேன். நீ பிளாஸ்டர் கரைத்த பேசினைக் கழுவிக் கவிழ்த்தாய்.

"மூடு" என்றாய். "ஆனா நனைக்காம மூடு."

எனக்கு உடனே பிடிபட்டது. நாலு நாள் வெயில். பிறகு அந்தக் குண்டும் குழியுமான பாதையில் லொறிப் பயணம். கந்தோரில் எல்லாரும் சுற்றி நிற்கும்போது மண்மேடு பொருக்குப் போலக் கழன்று விழ, கீழே உங்கள் வீடுகள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பங்குச் சாமியாரின் சைக்கிளைக் கோயில் மணிக்கூண்டில் ஏற்றியவன் நான். திமிங்கிலம் களவு போய்விட்டது என்று பொலிசில் முறைப்பாடு கொடுத்தவன் நான். அப்படிப்பட்ட எனக்கே தோன்றாத குறும்பு அது. நீ சிரிக்கவில்லை. "மறந்திடாதே மச்சான்" என்றுவிட்டு வள்ளமேறினாய்.

அன்று பின்னேரம் மாத்தையாவின் டிரைவர் ஒரு பித்தளைத் தகடு கொண்டுவந்தான். மாதிரியின் முன்பக்கத்தில் பொருத்துவதற்கு. மூன்று மொழியிலும் என் பெயர். பெயருக்கு முன்னால் மாஸ்டர். அதைத் துடைத்து, விளிம்பில் வைத்து, தள்ளி நின்று பார்த்தேன். பிறகு தூரிகையை மழைத் தண்ணீரில் தோய்த்து அந்த வீடுகளை நனைத்தேன். அவை குடித்தன. இன்னொரு முறை நனைத்தேன். குடிப்பதை நிறுத்தும் வரை நனைத்தேன். பிறகுதான் பூசினேன்.

கை பழக்கத்தில் செய்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியில்லை மச்சான். என் பெயர் ஒட்டிய மேசையிலிருந்து பொருக்கு உதிர்வதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் நனைத்தேன். வாழ்நாள் முழுக்கக் குறும்பு செய்தவன், அது தேவைப்பட்ட ஒரேயொரு நாளில் ஒழுங்காக வேலை செய்தேன்.

கூட்டத்தன்று மாதிரியை இறக்கி வைக்க நீயும் என்னோடு வந்தாய். கந்தோரில் புதிதாக வந்த அதிகாரி அம்மா ஒருவர் மேசையைச் சுற்றி வந்து, "களப்புப் பக்கம் ஆட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். நீ காத்திருந்த கேள்வி.

"மீன்பிடிக்க வருவாங்க, போவாங்க" என்றார் மாத்தையா.

"நாங்க அங்கதான் இருக்கிறம்" என்றாய், பின்னாலிருந்து.

"எந்த இடம், காட்டுங்க."

நீ முன்னே வந்து மண்மேட்டில் விரலை வைத்தாய். அதன் ஓரத்தில் உன் நகம் மெல்ல நுழையப் பார்த்ததை நான் கண்டேன். நகம் வெளுத்தது. மேடு அசையவில்லை.

"இங்க மணல்தானே இருக்கு" என்றார் அந்த அம்மா.

"இதுக்குக் கீழ வீடு இருக்கு."

"மணலுக்குக் கீழயா?" என்றார் மாத்தையா. சபை சிரித்தது. இந்தக் கரையில் எத்தனையோ சபைகளை நான் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்று உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் பித்தளைத் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யார் பூசியது என்று நீ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில்தான் இருந்தாய். பாலாவி தாண்டியதும் கேட்டாய்.

"நனைச்சியா?"

"ஓம்."

பறந்த புழுதிக்கு யன்னலை இழுத்துச் சாத்தினாய்.

"நல்லாப் பிடிச்சிருக்கு" என்றாய்.

அதற்குப் பிறகு நீ அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. ஹோட்டலின் வேலி வந்தது. துறை போனது. திறந்த கடல் பக்கமிருந்து வள்ளம் இறக்கத் தொடங்கினீர்கள். அடுத்த சோளகம் ஒரு கிழமை முந்தி வந்தது. அலை உடைகிற இடத்தில் உன் வள்ளம் கவிழ்ந்தது. மூன்றாம் நாள்தான் கடல் உன்னைத் தந்தது.

செத்த வீட்டில் உன் வீரத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னேன். நீ சுறாவோடு மல்லுக்கட்டியதாக, பனை உயர அலையை நெஞ்சால் பிளந்ததாக. ஒருவரும் நம்பவில்லை. எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

தங்கை இப்போது என் வளவிலேயே இருக்கிறாள். உன் ஆண்டுப் பூசை முடிந்து வந்த ஒரு மத்தியானம், சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "அண்ணன், அந்த மஞ்சள் பிளாஸ்டரை ஒருத்தராலயும் சுரண்ட ஏலாதெண்டு அவர் சொன்னாரே. பிறகு மாதிரியில எங்கட வீடெல்லாம் எப்பிடிக் காணாமப் போச்சு?"

"கம்பனிக்காரன் வேற ஆளை வச்சு மூடிட்டான்" என்றேன்.

சுறா இல்லை, திமிங்கிலம் இல்லை. என் ஆயுளில் நான் பெருப்பிக்காமல், அளவாகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதனால் அவள் உடனே நம்பினாள். நம்பிவிட்டு, என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

சாப்பிட்டேன் மச்சான்.