மூட்டையிலிருந்து குதித்த எலி

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது. நான் சுகம், உன் அம்மாவும் சுகம், என்னைத் திட்டத் தெம்பு இருக்கிறது என்றால் பார்த்துக்கொள். உனக்கு இருமல் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அதே நினைப்புதான். உன் அண்ணன் மீசை வைத்திருக்கிறான், பெற்ற பிள்ளையே அடையாளம் தெரியாமல் அழுகிறது. தீவுக்குச் சாமான் இறக்க வந்த இடத்தில், பறவை ஆராய்ச்சி செய்கிற மேடம் அறையில் உட்கார்ந்திருக்கிறேன், அவர்தான் எழுதுகிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் உனக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை கரையில் நல்ல மழை. ஒவ்வொரு மூட்டையையும் கொட்டிப் பார்த்துத்தான் படகில் ஏற்ற வேண்டும், முப்பது வருஷமாகச் செய்தவன் அன்றைக்கு உருளைக்கிழங்கு மூட்டையை அப்படியே ஏற்றிவிட்டேன். இங்கே இறக்கும்போது அதிலிருந்து ஒரு எலி குதித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புல்லுக்குள் ஓடிவிட்டது. வயிறு பெருத்த எலி. சின்ன வயதில் உன் செருப்பைக் கொத்தியதே குட்டைவால் பறவை, அதற்குப் பறக்கத் தெரியாது, தரையில்தான் முட்டையிடும், எது வந்தாலும் நகராது. இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நீ வந்த வருஷம் நூற்றுப் பன்னிரண்டு கூடு, இப்போது நாற்பத்தொன்று, தொட்டிக்குப் பின்னால் மட்டும் ஒன்பது. சொன்னால் படகு பெர்மிட்டைப் பிடுங்கிவிடுவார்களே என்று ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இனி எழுதுவது சாயங்காலம். காலையில் அந்த இடத்தோடு மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். சத்தம் போடவில்லை. "அஞ்சு நாளாச்சா, ஐயா? எந்தப் பக்கம் ஓடுச்சு, வந்து காட்டுங்க" என்று பேனாவை மூடாமலே எழுந்துவிட்டார்.

இனி எழுதுவது சாயங்காலம். தொட்டியைச் சுற்றி இருபது பொறி வைத்தோம். ஒன்பது கூட்டில் இரண்டில் வெறும் ஓடுதான், பல் பட்ட ஓடு. ஒன்றில் தாய்ப்பறவை அந்த ஓட்டின்மேலேயே அடைகாத்துக்கொண்டு இருந்தது. எலி இன்னும் அகப்படவில்லை. பெர்மிட் கொடுக்கிற ஆபீசுக்கு ரிப்போர்ட் போட்டே ஆக வேண்டும், உங்கள் பெயரும் வரும் என்றார் மேடம். வரட்டும், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் நீ போனில் உளறிவிடாதே, வீட்டுக்குப் போய் நானே சொல்லி வாங்கிக்கட்டிக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், ஒரு குறையும் உன்னை அண்டக் கூடாது. ஒன்று மட்டும் மறக்காதே, லீவில் தீவுக்கு வந்தால் உன் பெட்டியைக் கரையிலேயே திறந்து காட்டிவிட்டுப் படகில் ஏறு. அன்றைக்குப் படகை ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் சரி.

கைநாட்டு வைத்திருப்பது,
உன் அப்பா