இடது கைக்கு நீலம், வலது கைக்கு வெள்ளை

1994 மே 3, செவ்வாய்

வெயில். மெரினாவில் மீன் பொரிந்தபடியே கரையேறும். டிரைவர் நேற்று முதல் ஒரு மாத லீவு, தேரோட்டி நானே. மைதிலியோடு தி.நகர். தங்கை பெண்; எம்.எஸ்ஸி. மோவாயில் எட்டணா அளவு வெண்திட்டு. டாக்டர் களிம்பு பல மாதமாக. பலன் நத்தை வேகம்.

மாடியில் ஒரு 'சரும ஆலோசகர்'. இரண்டு குப்பி எடுத்து வைத்தான். நீலம்: தாமிரம் சேர்ந்த பெப்டைடாம், தோலைச் சீராக்குமாம். வெள்ளை: நிறத்தைத் தூண்டும் பெப்டைடாம். பெப்டைட் என்றால் புரதத்தின் துண்டு என்றாள் மைதிலி. துண்டோ வேட்டியோ, குப்பியில் ஊரும் இல்லை, பேரும் இல்லை.

"டாக்டர் மருந்த நிறுத்திட்டுப் போடுங்க மேடம்" என்றான். அங்கேதான் எனக்கு உதைத்தது.

"மொதல்ல என் கையில. அப்புறம்தான் உன் மூஞ்சி" என்று அவளுக்கு ஆணையிட்டு இரண்டையும் வாங்கினேன். அறிவியலுக்கு உயிரோடு உடல்தானம் செய்த முதல் மயிலாப்பூர்க்காரன்!

மே 6, வெள்ளி

குளித்ததும் இடது முன்கையில் நீலம், வலது முன்கையில் வெள்ளை. பிறகு காரில் ஈக்காட்டுத்தாங்கல், என் பட்டறைக்கு. சட்டையெல்லாம் நீலக் கறை.

கமலா: "என்ன, கையிலயே பரீட்சை எழுதறேளா?"

மனைவிக்கு விஞ்ஞானத்தின் மேல் மரியாதை கிடையாது. வெள்ளையை மோந்தேன். தேங்காயெண்ணெய்? சந்தேகம்.

மே 15, ஞாயிறு

வலது கை கறுத்திருக்கிறது! இடது அப்படியே. மைதிலி இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"வெள்ளைதான் மாமா! வேலை செய்யறது!"

"இருடி. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்."

"அடுத்த வாரம் காலேஜ்ல இன்டர்வியூ. யாரும் என் மோவாயையே பார்த்துண்டு பேசப்படாது. அவ்வளவுதான் மாமா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலது கையை மேலும் கீழும் பார்த்தேன்.

ஆலோசகன் மேல் இருந்த சந்தேகம் பாதி போயிற்று. மீதி இப்போது என் கை மேல். முழங்கைக்கு மேலேயும் கறுப்பு ஏன்? அங்கே தடவவே இல்லையே.

மே 19, வியாழன்

சைதாப்பேட்டை சிக்னல். அனல். வலது முழங்கையைக் கார் ஜன்னலுக்கு வெளியே, கதவின் மேல் போட்டபடி நான். பக்கத்து ஆட்டோ:

"நைனா, கைய உள்ள இழு! பஸ்காரன் இட்சான்னா கை காணாப் பூடும்!"

இழுத்தேன். முழங்கை கொதித்தது. பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் சென்னை மாநகரமே ஹாரன் அடித்தது. பெப்டைடாவது பூசணிக்காயாவது! தினமும் போக வர, வலது கை வெயிலில். இடது கை நிழலில்.

பட்டறைக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பி, நேரே தங்கை வீடு.

கதவைத் திறந்தவள் மைதிலி. மோவாய் செக்கச்செவேல். பொடிப்பொடியாய்க் கொப்புளம்.

"எப்போ ஆரம்பிச்சே?"

"ஞாயித்துக்கிழமை ராத்திரி. ஒங்க வெள்ளைலேர்ந்து கொஞ்சம் ஊத்திண்டு வந்தேன். ஒங்ககிட்ட சொன்னா இருடின்னுவேள்."

"டாக்டர் களிம்பு?"

"நிறுத்திட்டேன்."

டாக்டருக்கு ஃபோன். உடனே அழைத்து வரச் சொன்னார். செருப்பு மாட்டும்போது கார் ஜன்னல், வெயில், எல்லாம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். இல்லை. என் அரைக்கைச் சட்டையை மேலே ஒதுக்கி, கறுப்பு முடிகிற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தக் கைய நம்பித்தான் மாமா போட்டுண்டேன்."