இரண்டு குண்டுமணியும் ஆறு மில்லிமீட்டரும்

உறுவையாறு,
யுவ வருஷம் ஐப்பசி 21

சிரஞ்சீவி உத்திராபதிக்கு உன் அப்பா குழந்தைவேல் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, புதுசாகக் கன்று போட்ட செவலைப் பசு எல்லோரும் சௌக்கியம், சைகோனில் உன் உடம்புக்கும் மின்சாரக் கம்பெனி உத்தியோகத்துக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். தனக்கொடியைக் கப்பல் ஏற்றிவிட்டீர்களா என்று மூன்று கடிதம் போட்டுவிட்டாய். கட்டின பெண்சாதி மேல் இருக்கும் அக்கறையில் கால்வாசி பெற்றவன் மேல் இருந்திருந்தால், அப்பா உங்கள் தராசு எந்த மட்டில் இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருப்பாய். அவளை ஏற்றவில்லை. பாகூரில் அவள் அப்பன் பச்சையப்பன் வீட்டில் இருக்கிறாள், மேரி ஆபீசில் கையெழுத்தாகி வந்த அவள் பயணக் காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. ஏன் என்று வரிசையாக எழுதுகிறேன், நடுவில் கண்ணைக் கசக்காமல் முழுவதும் படி.

இருபத்திரண்டு வருஷம் காலேஜில் துரைமாருடைய பௌதிக சாமான்களைத் துடைத்து அடுக்கினவன் நான், அதைத் தொடு இதைத் தொடாதே என்று கேட்டுக் கேட்டே காது மரத்துப் போனவன். பென்ஷன் வாங்கி வந்தபின் இரண்டு வருஷம் உட்கார்ந்து அந்தத் தராசைச் செய்தேன், நீ அதைக் கேலி செய்தாய். கம்பெனியில் நீ பார்க்கும் மீட்டருக்கு ஆயிரம் வோல்ட் கொடுத்தால் புகைந்துவிடும், என்னுடையது இருபதாயிரத்தை எடை போடும். தட்டானிடம் வாங்கின தராசில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டுப் பித்தளைத் தகட்டைத் தொங்கவிட்டேன், அதற்கு நேர் கீழே இரண்டு சென்டிமீட்டர் தள்ளிக் கண்ணாடிக் குப்பி மேல் இன்னொரு தகடு. கீழ்த் தகட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் அது மேல் தகட்டை இழுக்கும், அந்த இழுப்புக்கு ஈடாக மறுபக்கம் குண்டுமணி போடவேண்டும், எத்தனை மணி என்று தெரிந்தால் எத்தனை வோல்ட் என்று கணக்கில் வந்துவிடும். ஒரே எடையுள்ள மணிகளாகப் பொறுக்கிப் பத்துப் பத்தாகத் துணிப்பையில் முடிந்து வைத்திருந்தேன். மின்சாரத்துக்குக் கிராமபோன் தட்டுகளைச் சுழலவிடும் யந்திரம் ஒன்று செய்தேன், அதைச் சுற்றினவள் தனக்கொடிதான். கை காய்த்துப் போனாலும் ஒரே சீராகச் சுற்றுவாள், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

புரட்டாசிக் கடைசியில் வண்டியில் வைக்கோல் பரப்பித் தராசை ஏற்றிக்கொண்டு காலேஜுக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் வாத்தியார் துரை தம்முடைய யந்திரத்திலிருந்தே என் தராசுக்கும் அவர்களுடைய கருவிக்கும் சேர்த்துக் கம்பி கொடுத்தார். மூன்று பையும் ஆறு உதிரி மணியும் போட்டதும் தராசு முள் நேராக நின்றது, முப்பத்தாறு மணி, இருபதாயிரம் வோல்ட் என்று பிரெஞ்சிலேயே சொன்னேன். அவர்கள் இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே பொறி பாயும் தூரத்தை அளந்து பதின்மூவாயிரத்து அறுநூறு என்றார்கள். மாணாக்கர்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை, என் தோளைத் தட்டி, வயசான காலத்தில் பொழுதுபோக்குக்கு நல்ல சாமான் என்றார். அவரும் சிரித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பைகளை அவிழ்த்து எண்ணினேன், ஒன்றில் எட்டு மணிதான் இருந்தது. உன் பெண்சாதி கேட்கும் முன்பே ஒப்புக்கொண்டாள். "ஆவணில வேலியில குண்டுமணி பழுக்கல மாமா, புள்ளையாருக்குக் கண்ணு இல்லாம எப்பிடி படைக்கிறது, ரெண்டே ரெண்டுதான் எடுத்தேன்" என்றாள். சதுர்த்திக்கு அவள் பிடித்த களிமண் பிள்ளையாருக்கு என் எடைக்கல் கண்ணாகி, மூன்றாம் நாள் குளத்துக்கும் போய்விட்டது. போய் எடுத்துக்கொண்டு வா என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து நின்றாள், நானே குளக்கரை வரையில் கூட்டிப்போய் இறக்கினேன். காலையிலிருந்து உச்சி வரை மார்பளவுத் தண்ணீரில் நின்று சேற்றை முறத்தில் அள்ளி அள்ளி அலசினாள், உழவுக்குப் போனவர்கள் ஏரை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றுதான் நானும் கரையில் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா ஓடிவந்து, "உங்க வோல்ட்டு இன்னாவோ எனக்குத் தெரியாது, வூட்டுக்கு வந்த பொண்ண இப்பிடி நிக்க வெச்சா நாம உருப்புடுவமா" என்று கத்தினாள். ஒரு மணி அகப்பட்டது. ஊறி உப்பியிருந்தது, எடைக்கு உதவாது என்று அவள் எதிரிலேயே வீசிவிட்டேன். அன்று சாயங்காலமே ஈரத் தலையோடு பாகூருக்கு வண்டி ஏற்றினேன். பத்து நாள் ஜுரத்தில் கிடந்தாளாம். பச்சையப்பன் வந்து வாசலில் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "சம்மந்தி, ஜுரம் வுட்டுப்போச்சி, புருஷன்கிட்டயாவது கப்பல் ஏத்தி அனுப்பிடுங்க" என்றான். உட்காரச் சொல்லாமலே அனுப்பிவிட்டேன்.

இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும். நீ பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் மந்தம், இருந்தாலும் மெதுவாகப் போட்டுப் பார். முப்பத்தாறு மணிக்குப் பதில் முப்பத்துநாலு என்றால் குறைவது ஐந்நூற்றுச் சொச்சம் வோல்ட்தான், அந்த இரண்டு மணியை அவள் தொடாமலே இருந்திருந்தாலும் நான் அங்கே தலைகுனிந்துதான் நின்றிருப்பேன். மீதி ஆறாயிரத்துக்குக் கிட்ட யாருடையது என்று போன வாரம் தகடுகளின் இடைவெளியை அளந்தேன். இரண்டு சென்டிமீட்டர் இருக்கவேண்டியது ஒன்று புள்ளி நாலுதான் இருந்தது. வண்டிக் குலுக்கலில் திருகு தளர்ந்து தராசின் கால் ஆறு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. காலேஜில் மறுபடி அளந்து பார்க்க அளவுகோல் என் இடுப்பிலேயே இருந்தது, துரை எதிரில் அளந்தால் தன் தராசைத் தானே சந்தேகப்படுகிறான் என்று நினைப்பாரே என்று அளக்கவில்லை. தப்பு என்னுடையது. அவள்மேல் நூலளவும் இல்லை. அதற்காகப் போய்க் கூட்டிவருவேன் என்று நினைக்காதே, ஊர் பார்க்க அவளைக் குளத்தில் இறக்கினவன் அதே ஊர் பார்க்கப் பாகூர் வாசலில் போய் நிற்கமாட்டேன். இதை நீ அவளுக்கு எழுதினால், அப்படி ஒன்று நான் எழுதவே இல்லை என்று சொல்லிவிடுவேன், உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கேட்கிறவர்களிடம் அவளுக்குக் கை சுத்தமில்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல்.

அந்த ஊர்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள மறக்காதே, பெரிய கம்பியில் கை வைக்கும் முன் காலுக்கடியில் மரக்கட்டை இருக்கிறதா என்று பார். தீர்க்காயுசாக இரு, மேலும் மேலும் உத்தியோகத்தில் உயர்ந்து நம் குடும்பத்தின் பெயரை நிறுத்து, அதற்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பதில் போடும்போது என் பெயருக்கே போடு. தனக்கொடி வரவில்லை என்று தந்தி அடித்துவிடுங்கள், பிள்ளை துறைமுகத்தில் போய் நிற்பானே என்று உன் அம்மா தினமும் சொன்னாள். அடிக்கவில்லை. அவள் ஏறியிருக்கவேண்டிய கப்பலில்தான் இந்தக் கடிதத்தைப் போடுகிறேன், ஆகையால் கடைசி ஆள் இறங்கும் வரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் இதைப் பிரித்திருப்பாய்.

உன் தகப்பன்,
குழந்தைவேல்