தொப்புளுக்கு இடப்பக்கம்

மார்ச் 4

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் இருவரும் கத்துகிறோம், அதனால்தான் கடிதம். நீ ஏற்பாடு செய்த நர்ஸ் பெண் நேற்று வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக என் கால்விரல் இடுக்கையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தாள். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தேன், எந்த டிக்கெட் பரிசோதகரும் என்னை இப்படிக் குடைந்ததில்லை. சர்க்கரை முந்நூற்றுப் பத்து. சத்தியமாக இனிப்பைத் தொடவில்லை. வீட்டை விட்டு மட்டும் என்னைக் கிளப்பாதே அம்மா.

உன் அப்பா

மார்ச் 12

அன்புள்ள அப்பா,

டாக்டர் இன்சுலினை இரண்டு தடவை கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லையென்றால் என்ன அர்த்தம்? பேக்கரிக்காரர் உங்கள் தோஸ்து என்பது எனக்குத் தெரியாதா? என் காதில் பூச்சுற்றாதீர்கள். முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் இறங்காவிட்டால் அங்கேதான். திட்டுகிறேனே தவிர, எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா.

சின்னக்குட்டி

மார்ச் 27

கண்ணு,

இன்று நர்ஸ் பெண், "நீங்க ஊசி போடறத நான் பாக்கணும், சட்டையத் தூக்குங்க" என்றாள். தொப்புளுக்கு இடப்பக்கம் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க இது, எலுமிச்சம்பழம் மாதிரி? தினமும் இதே இடத்துலயா குத்தறீங்க?"

"ஆமாம்மா. மூணு வருஷமா. ஒரு நூல் தள்ளிப் போட்டதில்ல."

ஒரே இடத்தில் குத்தினால் சதை தடித்துப்போகுமாம். அங்கே போடுகிற மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராதாம். பேனாவால் கோடு போட்டு வயிற்றை நாலு மனையாகப் பிரித்திருக்கிறாள், வாரத்துக்கு ஒரு மனை. புது இடத்தில் மருந்து சட்டென்று பிடிக்குமென்று, டாக்டரிடம் கேட்டு அளவையும் குறைத்தாள்.

"யாருங்க இந்த இடத்தக் காட்டினது?" என்றாள். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, "காப்பி சாப்பிடறியாம்மா?" என்று பேச்சை மாற்றிவிட்டேன். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று விரல் வைத்து, "இங்கதான்ப்பா" என்றாய். உன்னை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அப்பா

ஏப்ரல் 9

அப்பா,

சர்க்கரை நூற்று அறுபதுக்கு வந்துவிட்டதாக நர்ஸ் எழுதியிருந்தார்.

அன்றைக்கு வாசலில் டாக்ஸி நின்றது. இடத்தை மாற்றி மாற்றிப் போடவேண்டுமென்று சொல்ல வாயெடுத்தேன், டிரைவர் ஹாரன் அடித்தார். போய்ச் சேர்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று ஓடினேன். சொல்லவே இல்லை.

இல்லத்துக்கு வேண்டாமென்று எழுதிவிட்டேன். உங்கள் வீட்டிலேயே இருங்கள். அப்பாவுக்கு வாயைக் கட்டத் தெரியாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். நீங்களோ நான் அவசரத்தில் சொன்னதை மூன்று வருஷம் பிசகாமல் கேட்டிருக்கிறீர்கள். மன்னித்துவிடுங்கள் அப்பா.

உங்கள் மகள்